பிள்ளைகளின் தோலில் தெரியும் காசநோய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கூடல், வீரவநல்லூர் பக்கம் பிள்ளைகளுக்கு உடம்பில் எது தடித்தாலும் முதலில் அக்கி எழுதத்தான் கூட்டிப்போகிறார்கள். அப்புறம் மருந்துக்கடையில் ஒரு களிம்பு. இந்த ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குக் காசநோய் எப்போதும் இருமலாக வருவதில்லை. சிலருக்கு முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், தொட்டாலே வலிக்கிற சிவந்த கட்டிகள் வரும். சிலருக்கு நெஞ்சிலும் முதுகிலும் வேர்க்குரு மாதிரி சின்னப் பொரிகள் கூட்டமாக நிற்கும். பெரும்பாலும் அரிப்பு இருக்காது. உள்ளே நுரையீரலிலோ நெறிக்கட்டியிலோ இருக்கிற காசநோய்க் கிருமியை உடம்பு எதிர்ப்பதுதான் இப்படித் தோலில் தெரிகிறது. தொட்டால் ஒட்டாது. தயவுசெய்து அந்தப் பிள்ளையை வகுப்பில் தனியே உட்கார வைக்காதீர்கள்.

கால் கட்டிக்குத் தொண்டைப் புண் போன்ற வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, எடை ஏறுகிறதா, முக்கியமாக வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பீடி சுற்றும் ஆச்சி வாரக்கணக்கில் இருமினாலும் 'தூள் நெடி' என்று விட்டுவிடுகிறோம். பேரப்பிள்ளை அவர் மடியில்தானே வளர்கிறது! பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாச்சே என்பார்கள். அது மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வகைகளைத்தான் நன்றாகத் தடுக்கும்.

சரி, காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்க்கக் கைத்தோலில் போடும் மாண்டோ ஊசி போட்டாயிற்று. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து காட்ட வேண்டும். சிவப்பு கணக்கில்லை; கெட்டியான தடிப்பு 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றுதான் அளப்பார்கள். மெலிந்த பிள்ளைக்கு நோய் இருந்தும் தடிக்காமல் போகலாம், ஆகவே எக்ஸ்ரேயும் வேண்டும். ஆனால் ஊசி போட்ட பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கு இரண்டாம் முறை போனால் தாய்க்கு இன்னொரு நாள் பீடிக்கூலி போகும். பலர் போவதில்லை. போட்ட ஊசி வீணாகிறது.

தடிப்பை அளக்கத் தேவை ஓர் அளவுகோலும் பழகிய கையும்தான். அந்தந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அளந்து சொல்ல மாவட்ட சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவும் இந்தக் கட்டி, பொரிகளைக் கண்டால் வீட்டு இருமலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கட்டும். மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் வரும் என்பதையும் அந்தத் தாய்மாரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.