போலீஸ் அடித்ததற்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்: கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.

பொருள்: சட்டவிரோதமாக அடைத்து வைத்து அடித்தது – விசாரணையும் அரசு இழப்பீடும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்குளம் தாலுகாவின் ஒரு கடலோர ஊரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி வள்ளத்தில் கூலிக்குப் போகிறவன். கரையில் ஒரு என்ஜின் காணாமல் போனதற்கு, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று சொல்லி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனவர்கள் இரண்டு இரவு உள்ளேயே வைத்திருந்தார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை, கைது செய்ததாக ஒரு தாள் இல்லை, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்வதும் நடக்கவில்லை. தேடிப்போன அம்மாவிடம் அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். உள்ளங்கால் வீங்கி, வலது தோளைத் தூக்க முடியாமல் வெளியே வந்தான். இன்றைக்கும் அவனால் வலை இழுக்க முடியவில்லை. அவனேதான் திருடியிருந்தாலும் அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

இப்போது சமாதானம் பேச ஆள் வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது தருகிறோம், மனு கினு எல்லாம் வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம். நடந்தது தப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு அரசாங்கம் தரும் இழப்பீட்டைத்தான் கேட்கிறோம். சீருடையும் லாக்கப் சாவியும் அரசு கொடுத்தவை, அவற்றை வைத்து நடந்ததற்கும் அரசுதான் பொறுப்பு. பீகாரில் வழக்கிலிருந்து விடுதலையான பிறகும் 14 வருஷம் சிறையில் கிடந்த ருதுல் சா என்பவருக்கு அரசு பணம் தர வேண்டும் என்று 1983இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த ஒடிசாவின் நீலாபதி பெஹராவுக்கு 1993இல் 1,50,000 ரூபாய் கொடுக்கச் சொன்னபோது, அடிப்படை உரிமையை மீறிய அரசு, இறையாண்மை இருப்பதால் தன்மேல் வழக்குப் போட முடியாது என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் தெளிவாக்கியது. இரண்டுமே ஏழைகளின் வழக்கு. என் தம்பி உயிரோடு திரும்பினான் என்பதால் அவனுக்கு இது பொருந்தாமல் போகுமா?

அப்புறம், அவசரமான ஒன்று: ஸ்டேஷன் கேமரா பதிவு. 2020இல் சாத்தான்குளத்தில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை, விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையிலேயே எழுதினார். அந்த வருஷம் டிசம்பரில் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே அந்த இரண்டு இரவுகளின் பதிவை உடனே கைப்பற்றச் சொல்லுங்கள். காவல் நிலையாணை (போலீசுக்கான அரசு விதித்தொகுப்பு) 151இன்படி பத்மநாபபுரம் சார் ஆட்சியரை விசாரிக்க வையுங்கள், தோள் சரியாகும்வரை அவனுடைய சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்து, இழப்பீட்டுக்கு அரசுக்குப் பரிந்துரை அனுப்புங்கள். கொடுத்த தொகையைத் தப்புச் செய்தவர்களின் சம்பளத்தில் பிடிப்பதை அரசு பார்த்துக்கொள்ளட்டும்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுக்கள் பல சமயம் புகாருக்கு ஆளான அலுவலகத்துக்கே விசாரணைக்குப் போய்விடுகின்றன. தயவுசெய்து இந்த மனுவை அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்