ஃபில்டர் வாங்கும் முன் டியூபை அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு,

பழைய காம்பாக்ட் டிஜிட்டல் கேமராக்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அலமாரியில் கிடந்ததைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஏற்காடு கோடை விழாவுக்குக் கிளம்புகிறவர்கள், போகிற போக்கில் ஒரு ஃபில்டரும் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கேதான் காசு வீணாகிறது. இந்த வகைக் கேமராவுக்கு முதலில் பார்க்க வேண்டியது அடாப்டர் டியூப், அதாவது லென்ஸைச் சுற்றிக் கேமராவின் உடம்பில் பூட்டும் குழாய். ஃபில்டர் கடைசி.

லென்ஸ் முகப்பில் 6.1-30.5 என்று எழுதியிருப்பதைக் காட்டி ஃபில்டர் கேட்பவர்கள் உண்டு. அது குவியத்தூரம். ஃபில்டரின் அளவு 37, 46, 52, 58 என்று மி.மீ. கணக்கில் வரும் விட்டம். பெரும்பாலான காம்பாக்ட்களில் லென்ஸ் முனையில் மரையே கிடையாது. கேமராவைப் போட்டதும் லென்ஸ் வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போய்விடும். அதை நகர்த்தும் மோட்டார் சின்னது, கண்ணாடியையும் சேர்த்துத் தூக்கும்படி செய்யப்பட்டதல்ல. அதனால்தான் உடம்பில் டியூபைப் பூட்டி, அதன் வாயில் ஃபில்டரைத் திருகுகிறோம். லென்ஸ் உள்ளே தன்பாட்டுக்குப் போய்வரும்.

'58 டியூப்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 58 என்பது வாயின் அளவு. உடம்பில் பூட்டும் அடிப்பக்கம் மாடலுக்கு மாடல் வேறு. கேனன் ஜி9, ஜி10 இரண்டுக்கும் வாய் 58 மி.மீ.தான், ஆனாலும் டியூப் தனித்தனி. பானசோனிக்கில் எல்.எக்ஸ்.3-க்கு 46, எல்.எக்ஸ்.5-க்கு 52, எல்.எக்ஸ்.7-க்கு 37. எஃப்.இசட்.200-க்கு டியூபே வேண்டாம், லென்ஸிலேயே 52 மி.மீ. மரை இருக்கிறது. சோனி ஆர்.எக்ஸ்.100-க்கு வருவது ஒட்டுகிற வளையம். ஒட்டுமுன் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நடுவில் சரியாக வைத்து, ஒரு நாள் விட்டுப் பிறகு ஃபில்டர் போட வேண்டும். அதிலும் மெல்லிய ஃபில்டர் மட்டும், ஏனென்றால் அந்த எடை முழுவதும் மோட்டார்மேல்தான்.

டியூபின் நீளத்தைக் கடையிலேயே சோதித்துவிடலாம். டியூபை மாட்டி, ஃபில்டர் போடாமல், வாயின் குறுக்கே ஒரு மெல்லிய தாளை லேசாக வையுங்கள். கேமராவைப் போட்டு ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டுங்கள். சில லென்ஸ்கள் முழு ஜூமில் அல்ல, வைடில், அதாவது ஜூம் செய்யாத அகலக் காட்சியில்தான் அதிகம் நீளும். எனவே இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். தாள் அசைந்தாலே அந்த டியூப் வேண்டாம். அசையாவிட்டாலும் லென்ஸ் முனைக்கும் வாய்க்கும் நடுவே 3 மி.மீ.யாவது இருக்கட்டும், ஃபில்டரின் மரைப் பகுதி உள்ளே இறங்கும் அல்லவா? இடம் போதாமல் லென்ஸ் முனை ஃபில்டர் கண்ணாடியில் முட்டினால் மோட்டார் பாதியில் நின்று, திரையில் 'லென்ஸ் எரர்' வரும். அதற்குள் பல்சக்கரம் அடிபட்டிருந்தால் ரிப்பேர் செலவு கேமராவின் விலையையே தாண்டும்.

நீளம் கூடினாலும் தொல்லை. வைடில் நான்கு மூலையும் கறுக்கும். வெள்ளைச் சுவரை எஃப்/8 துளை அளவில் ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். ஃபிலிம் கேமராக் கணக்கில் 35 மி.மீ.யில் தொடங்கும் ஜி9-ஐவிட, 28-ல், அதாவது இன்னும் அகலமாகத் தொடங்கும் ஜி10, ஜி11, ஜி12 இதில் அதிகம் மாட்டும். டியூபே மறைத்தால் குட்டையான டியூப்தான் தீர்வு. ஃபில்டரின் விளிம்பு மறைத்தால், ஸ்டெப்-அப் ரிங் (பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டு ஒரு சுற்றுப் பெரிய ஃபில்டர். சிறிய ஃபில்டரை மாட்டும் ஸ்டெப்-டவுன் ரிங் பக்கம் போகவே வேண்டாம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டரும் வேண்டாம். டியூபின் உட்புறம் பளபளப்பாக இருந்தால் எதிர்வெயிலில் படம் வெளுக்கும், மங்கல் கறுப்பாகப் பார்த்து வாங்குங்கள். டியூப் மாட்டியிருக்கும்போது ஃப்ளாஷ் போட்டால் படத்தின் கீழ்ப்பக்கம் அரைவட்ட நிழல் விழும். அது கேமராவின் கோளாறு அல்ல.

ஃபில்டரைத் திருகும்போது முதலில் இடப்பக்கமாக, கழற்றுவதுபோலச் சுற்றுங்கள். 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை நேராக ஏறும். இறுகிப்போனால் விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள். வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். கழுவிக் காய்ந்த ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை ஃபில்டரின் விளிம்பில் சமமாக அமர்த்தித் திருப்பினால் கழன்றுவிடும்.

இனி எந்த ஃபில்டர்? கேமரா வாங்கினாலே தலையில் கட்டப்படும் யு.வி. ஃபில்டர் தேவையில்லை. சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஏற்காட்டுப் பனிமூட்டத்தை அது விலக்கும் என்பதும் பொய். மூட்டம் என்பது நீர்த்துளி, அதற்கு முன் எந்த ஃபில்டரும் ஒன்றும் செய்யாது.

காசு போடத் தகுந்தது போலரைசர், அதாவது பளபளப்பைக் குறைக்கும், திருப்பக்கூடிய வளையமுள்ள ஃபில்டர். காம்பாக்டில் எஸ்.எல்.ஆர். கேமரா போல ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி அமைப்பு இல்லாததால் 'சர்குலர்' என்று தேட வேண்டியதில்லை, விலை குறைந்த 'லீனியர்' போதும். மழை விட்ட காப்பித் தோட்டத்தில் இலைமேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு, வளையத்தைத் திருகத் திருகக் கரைந்து பச்சை எழும்புவதைத் திரையிலேயே பார்க்கலாம். மாம்பழத் தோலின் மினுமினுப்பும் இப்படியே அடங்கும். வெள்ளிக் கொலுசின் பளபளப்பு மட்டும் அடங்காது, உலோகப் பிரதிபலிப்பு போலரைசருக்குக் கட்டுப்படாது. கொலுசுக் கடைக்காரர்கள் ஃபில்டருக்குச் செலவழிக்காமல் விளக்குக்கு முன் வெள்ளைத் துணி கட்டலாம். வானத்தை நீலமாக்க, சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே நண்பகலில் சேலத்தில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் அடிவானம் சுற்றிலும் பலன் உண்டு. காலையிலும் மாலையிலும் வடக்கு, தெற்குப் பக்கம்தான். இதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), ஷட்டர் வேகத்தைக் கவனியுங்கள்.

ஏற்காட்டின் கிளியூர் அருவியை நூல் நூலாக எடுக்க என்.டி.8, அதாவது வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் சாம்பல் ஃபில்டர் போதும். எஃப்/8-ல் ஷட்டர் 1/60 விநாடி காட்டினால் 1/8 விநாடி ஆகும். கேமராவை எதன்மேலாவது ஊன்றி, 2 விநாடி டைமர் வையுங்கள். கேனன் ஜி வரிசையில் பலவற்றில் என்.டி. உள்ளேயே இருக்கிறது, வாங்குமுன் மெனுவைத் தேடுங்கள். காப்பிப் பூவுக்கு குளோஸ்-அப் லென்ஸ், அதாவது ஃபில்டர்போலத் திருகும் உருப்பெருக்கிக் கண்ணாடி. கேமராவின் 1 செ.மீ. மேக்ரோ (மிக நெருங்கி எடுக்கும் வசதி) டியூபுக்குள் பயன்படாது, பூவில் டியூப் போய் இடிக்கும். +4 பவர் உள்ளதைப் போட்டு ஜூமை நீட்டினால் 25 செ.மீ. தள்ளி நின்றே எடுக்கலாம். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து இரவில் சேலம் விளக்குகளை எடுப்பவர்கள் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்மூலையில் ஒரு போலி விளக்கு எரியும்.

மலையை விட்டு இறங்கியதும் ஒரு வேலை பாக்கி. மூட்டத்தில் மாட்டிய ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே ஈரக்காற்று அடைபட்டிருக்கும். அப்படியே பையில் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஏசி காரிலிருந்து சேலத்து வெக்கையில் இறங்கும்போது பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டு, பிறகு ஃபில்டரையும் டியூபையும் தனித்தனியாகக் கழற்றி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு டப்பாவில் மூடுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டாம், தவிட்டுத் தூள் மரையில் ஏறிக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்