முகப்பொடியில் கார்போகரிசி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் எண்ணெய் வழியும் முகத்துக்கு மூலிகைப் பொடி என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. மறுநாளே அதைக் கத்தரித்துக்கொண்டும் போனில் படம் எடுத்துக்கொண்டும் பெண்கள் எங்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். மதுரை கீழமாசி வீதியில் அப்பா காலத்திலிருந்து நாட்டு மருந்துக் கடை நடத்துகிறோம்.

பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா மொட்டு வரைக்கும் சரி. கடைசியில் கார்போகரிசியும் போட்டு, எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் காயவிடச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கார்போகரிசி கறுப்பாக, சின்ன அவரை விதை போல இருக்கும். வாயில் போட்டால் கசக்கும். சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படும் சரக்கு. அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்ட பிறகு வெயில் படும்போது வெயிலின் வேகம் தோலில் பல மடங்கு கூடும். வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப அந்த வேகம்தான் உதவுகிறது. அதையே நல்ல முகத்தில் பூசி வெயிலில் போனால் எரியும், சிவக்கும், சிலருக்குக் கொப்புளமும் வரும். அப்புறம் கருந்திட்டு விழுந்து மாதக்கணக்கில் போகாது. எலுமிச்சையிலும், குறிப்பாக அதன் தோலில், இதே வகைப் பொருட்கள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பூசிக் கழுவிவிட்டு, சித்திரை வெயிலில் கல்லூரி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளையின் முகம் என்னவாகும்?

பாட்டி காலத்துக் குளியல் பொடியிலேயே கார்போகரிசி உண்டே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அதைத் தேய்த்த கையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்துவிடுவார்கள். அரை மணி நேரம் முகத்தில் ஊறவிடுவது வேறு. அந்தக் குளியல் பொடியும் முகத்துக்கு வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

எண்ணெய் முகத்துக்கு என்று கேட்டு வருபவர்களுக்கு நான் கட்டிக் கொடுப்பது பயத்தம்பருப்பு, அதில் பாதி ஆவாரம்பூ, வாசனைக்குக் கொஞ்சம் பூலாங்கிழங்கு, அவ்வளவுதான். எண்ணெயை எடுக்கப் பயத்தம் மாவே போதும். சரக்கைவிட அரைக்கிற பக்குவம்தான் முக்கியம். பூலாங்கிழங்கு மிக்ஸியில் குருணையாகத்தான் உடையும். அந்தக் குருணையோடு பருவின் மேல் தேய்த்தால் கீறிப் புண்ணாகிவிடும். மெஷினில் கொடுத்து அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். வஸ்திரகாயம் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்று படக் கூடாது. இன்னொன்று, மெஷினில் உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் முதலில் ஒரு படி அரிசியை ஓட்டச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் பொட்டலம் கொடுப்பதில்லை.

வெறும் தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்து இழுப்பதற்கு முன் கழுவிவிடலாம். எண்ணெய் வழிகிறதே என்று நாளைக்கு நாலு தடவை தேய்க்க வேண்டாம். தோல் வறண்டு எரிச்சல்தான் மிஞ்சும். சீழ்ப் பரு, வலிக்கிற பரு என்றால் தோல் டாக்டரிடம் போக வேண்டும், என் கடைக்கு அல்ல.

ஆகவே ஐயா, அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கார்போகரிசியையும் எலுமிச்சைச் சாற்றையும் விட்டுவிடும்படி போடுங்கள். ஏற்கெனவே அரைத்து டப்பாவில் வைத்திருப்பவர்கள் அதை முகத்தில் பூச வேண்டாம் என்றும் சேர்த்துப் போடுங்கள். என்னிடம் வந்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லிவிட்டேன். உங்கள் பத்திரிகை போகிற ஊர்களுக்கெல்லாம் நான் போய்ச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்,
கீழமாசி வீதி, மதுரை.