உன் வாயோடே இருப்பவர்

தாராவி, மும்பை
ஞாயிறு இரவு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாலிபர் ஞாயிறன்று பத்து நிமிடம் தேவசெய்தி கொடுக்கும்படி பெங்களூரில் உங்கள் போதகர் கேட்டாராம். "எனக்கு வராது அம்மா, வேறு யாரையாவது பேசச் சொல்லட்டும்" என்று நீ போனில் அழுதாய். மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.

அந்த வார்த்தையை உன் வாயில் வைத்தவள் நான்தான். ஆறாம் வகுப்பில் மராத்திக் கவிதை சொல்ல மேடை ஏறினாய். இரண்டாவது வரியிலேயே மறந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். தடுத்திருக்க வேண்டிய ஆசிரியையும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து என் மடியில் விழுந்தாய். நானோ, "போகட்டும், நமக்கு மேடையெல்லாம் வேண்டாம்" என்றேன். பாசத்தில் சொன்னதுதான், ஆனாலும் தவறு. என்னை மன்னித்துவிடு மகளே.

வேதாகமத்தில் யாத்திராகமம் நான்காம் அதிகாரத்தை எடுத்து வாசி. எகிப்தின் ராஜாவான பார்வோனிடம் போய்ப் பேசும்படி கர்த்தர் மோசேயை அனுப்புகிற இடம் அது. "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்கிறான் மோசே. வேறு யாரையாவது அனுப்பும் என்று நீ கேட்டதையே 13ஆம் வசனத்தில் அவனும் கேட்கிறான். பார்வோன் முன்னே போய் நின்றபோது அவனுக்கு 80 வயது. அதுவரை மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தவன். இந்த அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்தும் ஒன்றைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன். உன் திக்குவாயைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் அங்கே எங்கும் சொல்லவில்லை. "நான் உன் வாயோடே இருந்து, நீ பேசவேண்டியதை உனக்குப் போதிப்பேன்" என்கிறார். 40 வருடம் கழித்து யோர்தான் அருகே அதே மோசே ஜனங்கள் எல்லாருக்கும் முன்பாகப் பேசுகிறான். வேதாகமத்தின் உபாகமப் புத்தகம் பெரும்பாலும் அவன் பேச்சுதான்! அப்போஸ்தலனாகிய பவுலும் கொரிந்து சபையாரிடம் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாகத்தான் எழுதுகிறார்.

திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் என்னை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். சயானில் லோக்கல் ஏறி, பெண்கள் பெட்டியில் கதவோரம் நின்று, தண்டவாளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். மஸ்ஜித் ஸ்டேஷன் வருவதற்குள் மூன்று முறை சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கையில் வேதாகமம் ஆடியது. ஆடிக்கொண்டே வாசித்து முடித்தேன். நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஜெபித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. முதல் மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள். மீதியைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள். தினமும் சத்தமாகச் சொல்லிப் பார். மனதுக்குள் படித்தால் நாக்கு பழகாது. நடுவில் மறந்துவிட்டால் நிதானமாகத் தாளைப் பார். சபையார் காத்திருப்பார்கள்.

மோசேயிடம் கர்த்தர் இன்னொன்றும் சொன்னார்: உன் அண்ணன் ஆரோன் உன்னைச் சந்திக்கப் புறப்பட்டு வருகிறான் என்று. அந்த வார வெள்ளிக்கிழமைக்கு உத்யான் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. போதகருக்கு இன்றைக்கே சம்மதம் சொல்லிவிடு.

உன்
அம்மா