ஜான் ஆடம்ஸ் கூலிக்கு வாதாடியவர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரின் வாழ்வைச் சொல்லி 2008-இல் வெளிவந்த ‘ஜான் ஆடம்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பாஸ்டன் படுகொலை வழக்கைக் குறிப்பிடும் இடத்தில், கூலிக்கு எதிரியின் பக்கம் நின்ற வக்கீல் பிற்பாடு தேசத் தலைவரானார் என்று ஒரு வரி இருக்கிறது. 40 ஆண்டுகள் குற்றவியல் வழக்குகள் நடத்திய எனக்கு அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்கா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோது, 1770 மார்ச் 5 இரவு பாஸ்டன் நகரில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். அவர்களின் அதிகாரி கேப்டன் பிரஸ்டனுக்கும் எட்டுச் சிப்பாய்களுக்கும் ஆஜராக மற்றவர்கள் தயங்கியபோது வழக்கை ஏற்றவர் ஆடம்ஸ். இதற்காகத் தமக்குக் கிடைத்தது மொத்தம் 18 கினி (அக்கால ஆங்கிலப் பொற்காசு) என்றும், தாம் நடத்தியதிலேயே உடலையும் மனதையும் மிகவும் வாட்டிய வழக்குகள் அவை என்றும் அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மூன்றாண்டு கழித்து, நாட்டுக்குத் தாம் செய்த மிகச் சிறந்த பணிகளுள் ஒன்று என்று நாட்குறிப்பிலும் அதைக் குறித்தார். இது தாங்கள் அறியாததன்று.

1987-இல் எங்கள் ஊரில் எல்லோரும் மதித்த ஒருவர் கொலையுண்டார். குற்றம் சாட்டப்பட்ட இருவருக்கும் யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்களிடையே பேச்சு எழுந்தும் நான் வக்காலத்து போட்டேன். அடுத்த வாரமே, என் சீனியர் காலத்துக் கட்சிக்காரரான ஒரு பெரியவர் மஞ்சள் பையிலிருந்து வேறு வக்கீலுக்கான புது வக்காலத்தை எடுத்து மேசையில் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல், “ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் கொடுத்திருங்க தம்பி” என்றார். எழுதிக் கொடுத்தேன். அலமாரியில் 30 வழக்குக் கட்டுகளுக்கு மேல் இருந்த இடத்தில் அந்த மாத முடிவில் ஏழு மிஞ்சின. வழக்கில் ஒருவர் விடுதலையானார், மற்றவர் தண்டனை பெற்றார். ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2010-இல்தான். கூலிக்கு நின்றவர் என்ற சொல் எங்கே குத்தும் என்று தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிப்பாய்கள் அத்தனை பேரும் விடுதலையானதாகத் தொடரில் காட்டப்படுவதைக் கட்டுரையாளர் அப்படியே வரலாறாக எழுதிவிட்டார். நடந்தவை இரண்டு தனித்தனி விசாரணைகள். பிரஸ்டனும் ஆறு சிப்பாய்களும் விடுதலையானார்கள். மற்ற இருவர் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காகப் பெருவிரலில் சூடு போடப்பட்டார்கள். அந்தச் சூட்டை விட்டுவிட்டால், ஜூரிகள் ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனியே சாட்சியத்தை எடைபோட்டார்கள் என்பதே மறைந்துபோகிறது. பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே ஒப்பந்தத்துக்கு, அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஆடம்ஸ் செனட்டில் தம் ஒற்றை ஓட்டால் உயிர் கொடுத்தார் என்று கட்டுரை பாராட்டுவதும் தொடரைப் பார்த்து எழுதியதுதான். ஒப்பந்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டிய செனட் அதை 1795-இல் 20-க்கு 10 என்று ஏற்றது. ஓட்டுகள் சமமாகப் பிரிந்தால்தான் துணைத் தலைவருக்கு ஓட்டு; இங்கே சமநிலை வரவே வழியில்லை.

ஆடம்ஸின் மனைவி அபிகெய்லைப் பற்றிக் கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி என்ற அளவோடு முடித்துக்கொண்டது என்னைவிட என் மனைவியைப் புண்படுத்தியது. கணவர் பிலடெல்பியாவில் இருந்த 1776-இல், தமக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் அவர் அம்மை குத்திக்கொண்டார். நோயாளியின் கொப்புளத்துச் சீழைக் கையைக் கீறி ஏற்றும் அந்தக் காட்சியில் அபிகெய்லாக நடித்த லாரா லின்னியின் முகத்தைப் பார்த்த எவரும் அவரைக் காத்திருந்தவர் என்று மட்டும் எழுதமாட்டார்கள். புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அதே ஆண்டு மார்ச் 31 அன்று கணவருக்கு எழுதியவரும் அவரே.

இதற்கு முன்பும் இருமுறை, வரலாற்றுத் தொடர்களைப் பற்றிய கட்டுரைகளில் இருந்த பிழைகளைச் சுட்டித் தங்களுக்கு எழுதியிருந்தேன். பிரசுரிக்காததில் எனக்கு வருத்தமில்லை. பிழைகள் அப்படியே நின்றதில்தான் வருத்தம். முதல் இதழிலிருந்து சந்தா கட்டி வாசிக்கிறவனின் கடிதத்துக்கு அந்த மதிப்பாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

ஜூரி தீர்ப்பையும் செனட் ஓட்டையும் திருத்தி அடுத்த இதழில் இரண்டு வரி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பெயரைக் குறிப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
திருநெல்வேலி.