கடைசிப் பெயர் கேட்கிறார்கள்

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனாட்சி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி முடிந்து பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். அவருக்குச் சர்க்கரை பரவாயில்லை, வாய்தான் அடங்கவில்லை. உன் மூட்டுவலி எப்படி? மகனைப் பார்க்க நீ துபாய் போகப்போவதாக சரோஜா சொன்னாள். அதைக் கேட்டதும்தான் இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

பெரியவளுக்கு இது ஏழாம் மாதம். டல்லாஸ் போக டிக்கெட் போட உட்கார்ந்தால், முதல் பெயர் ஒரு பெட்டி, கடைசிப் பெயர் ஒரு பெட்டி. கடைசிப் பெயர் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நமக்கு ஏதடி கடைசிப் பெயர்? 'க' என்று போட்டேன், இரண்டு எழுத்தாவது வேண்டுமாம். 'க.' என்று புள்ளி வைத்தேன், செல்லாத குறியாம். பக்கத்து வீட்டுப் பையன், "ரெண்டு பெட்டியிலயும் ஒரே பேரைப் போடுங்க ஆன்ட்டி, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றான். தமிழ்ச்செல்வி தமிழ்ச்செல்வி என்று டிக்கெட் வந்தது. பணம் கட்டிய பிறகு பாஸ்போர்ட்டைப் பார்த்தால், சர்நேம் என்ற இடத்தில் அவர் பெயர்! என்றைக்கோ ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்தது.

சரி, திருத்தலாம் என்று போன் போட்டேன். அந்தப் பெண், "உங்க சர்நேம் சொல்லுங்க மேடம்" என்றாள். 34 வருஷமாக நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். ரேஷன் கடையிலேயே கார்டை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பவள். அவர் வேறு எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். "கே... ஏ... ஆர்... யு... ரெண்டு பி" என்று எழுத்துக்கூட்டினேன். "கருப்பையாவா மேடம்?" என்றாள். "ஆமாம்மா, அவர்தான்" என்றேன். பேப்பர் குலுங்கிக்கொண்டே இருந்தது.

சிரித்து முடித்த பிறகு அந்தப் பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் செய்தவன் ஊரில் குடும்பத்துக்கு ஒரு பெயர், அது தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும். உலகமே அப்படித்தான் என்று நினைத்து நட்சத்திரம் வைத்துவிட்டான். ஜாவாக்காரர்கள் எத்தனையோ பேருக்கு ஒற்றைப் பெயர்தான், சுகர்னோ, சுகார்த்தோ மாதிரி. ஐஸ்லாந்தில் டெலிபோன் டைரக்டரியையே முதல் பெயர் வரிசையில்தான் போட்டார்கள். நம் ஆதாரில் பெயருக்கு ஒரே இடம். பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டிகூட முழுப்பெயருக்கு ஒரு பெட்டி போதும் என்கிறது. ஆக, முடியாத காரியம் இல்லை. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் பெயர் முழுக்க சர்நேம் இடத்தில் விழுந்துவிட்டது. அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கு 'எஃப்என்யு' என்று அடித்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தமாம். ஆபீஸில் அவரை 'ஃப்னு' என்றே கூப்பிடுகிறார்களாம்!

இதுவரை வேடிக்கை. போன வாரம் மகள் போனில் சொன்னது வேடிக்கை இல்லை. பிறக்கப்போகும் குழந்தைக்குக் கடைசிப் பெயர் என்ன என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். நம் வழக்கப்படி அப்பா பெயரைப் போட்டால் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று கடைசிப் பெயர். அதற்குச் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் யோசனை சொன்னாராம்: "நம்ம பட்டத்தையே போட்டுடலாமே, கம்பீரமா இருக்கும்." இவள் என்னிடம், "ஃபார்ம் கேட்குதே, என்னம்மா பண்றது?" என்கிறாள்.

எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைச் சுவர் உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் பெயருக்குப் பின்னால் சுரண்டிய தடம், நாம் பல்லாங்குழி ஆடும்போது விரலால் தடவிப் பார்ப்போமே. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டதைப் படித்துவிட்டு, அவரே உளி எடுத்துச் சுரண்டியது. பங்காளிகள் ஒரு வருஷம் பேசவில்லை. அப்படிச் சுரண்டியதை இப்போது ஒரு சிவப்பு நட்சத்திரம் திரும்பக் கேட்கிறது, அதுவும் ஒருத்தர்மேலும் கோபமில்லாமல். பெரியவரிடமாவது சண்டை போடலாம், பெட்டியிடம் என்ன பேசுவது?

அதற்காக நம் இனிஷியலை நான் கோயில் கட்டிக் கும்பிடவும் இல்லை. 'ச' எப்போது 'க' ஆனது என்று யாராவது என்னைக் கேட்டார்களா? அம்மா பெயர் எந்த எழுத்திலும் இல்லை. இதையும் மகளிடம் சொன்னேன். அப்பா பெயரோ அம்மா பெயரோ, உயிரோடு இருக்கிற ஒருவர் பெயரைப் போடு, பட்டம் மட்டும் வேண்டாம் என்றேன். "யோசிக்கிறேம்மா" என்றாள். இரண்டு நாளாகப் போன் இல்லை. மனசு அடித்துக்கொள்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பாஸ்போர்ட்டில் 'மீனாட்சி' மட்டும் ஒற்றையாக நிற்கிறதா என்று பார். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர்க்காரர்களைச் சுற்றுலா விசாவில் விடமாட்டோம் என்று அமீரகம் அறிவித்துப் பலர் தவித்துப்போனார்கள். இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு இறங்கி வந்தார்கள். இப்போது விதி எப்படியோ, டிக்கெட் எடுக்கும் முன்னால் விசாரித்துக்கொள். போனில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் உனக்கென்ன, கல்யாணப் பந்தியிலேயே "ராசு, தண்ணி" என்று கூப்பிட்டவள்தானே நீ!

உன்,
க. தமிழ்ச்செல்வி
(புள்ளியோடு)