பாளயமிறங்கிய இடங்கள்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "ஒன்பது வருஷம் ஓடிப்போச்சும்மா. பெங்களூரு, புனே, இப்ப ஹைதராபாத். சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமே நடக்கல." எனக்கு உடனே பதில் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் வேதாகமத்தில் எண்ணாகமம் 33 ஞாபகத்துக்கு வந்தது. குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரம் வாசிக்கும் முறை வந்தால் நீயும் தம்பியும் முழிப்பீர்களே, அதுதான். வெறும் ஊர்ப் பெயர்கள். 'புறப்பட்டுப்போய்', 'பாளயமிறங்கினார்கள்', மறுபடி 'புறப்பட்டுப்போய்', 'பாளயமிறங்கினார்கள்'. இத்தனை வருஷமும் நானும் அதை வேகமாகத் தாண்டிப் போனவள்தான்.

எகிப்திலிருந்து யோர்தான் கரை வரை இஸ்ரவேல் ஜனங்கள் பாளயமிறங்கின, அதாவது கூடாரம் அடித்துத் தங்கின, 42 இடங்கள் என்று சொல்வார்கள். கர்த்தர் சொல்லி மோசே எழுதி வைத்தது. இந்த முறை பென்சிலோடு உட்கார்ந்து மெதுவாக வாசித்தேன். சீனாயில் வந்து நின்றுவிட்டேன். பத்துக் கட்டளை கிடைத்த இடம், பொன் கன்றுக்குட்டி செய்த இடம், கிட்டத்தட்ட ஒரு வருஷம் தங்கிய இடம். அதற்கும் இந்தப் பட்டியலில் ஒரு வரிதான். ரித்மா, ஆராதா, மித்கா என்று சில இடங்கள் வருகின்றன. அங்கே என்ன நடந்தது என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. அவற்றுக்கும் அதே ஒரு வரி.

அந்தப் பட்டியலில் முறுமுறுப்பும் இல்லை, பார். மாராவில் தண்ணீர் கசந்ததைக்கூட எழுதவில்லை; பெயரிலேயே கசப்பு இருக்கிறது, அவ்வளவுதான். ரெவிதீமில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று இருக்கிறது, ஜனங்கள் மோசேயோடு வாதாடினது இல்லை. ஏலீமுக்கு வந்தால் மட்டும் 12 நீரூற்று, 70 பேரீச்சமரம் என்று எண்ணி எழுதியிருக்கிறது!

அப்பா கடையை மூடின பிறகு நாம் மாறின வீடுகள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. ஆறு வருஷத்தில் ஐந்து வீடு. அதில் ஒன்றுக்கு நீதான் பெயர் வைத்தாய், 'பருப்பு வேகாத வீடு'. போர் தண்ணீர் அப்படி ஒரு உப்பு. எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு கரையாது. குக்கரைத் திறந்தால் பருப்பு தனி, தண்ணீர் தனி. மத்தால் கடைந்து கடைந்து என் கை சிவந்துவிடும். நான்கு தெரு தள்ளி ஒரு குழாயில் நல்ல தண்ணீர் வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீ ஒரு குடம், நான் இரண்டு குடம். இடுப்பில் குடம் தளும்பி உன் யூனிபார்ம் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருக்கும். எகிப்தின் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுத ஜனங்களைக் குறைசொல்லி யாராவது பிரசங்கித்தால் என்னால் தலையாட்ட முடிவதில்லை. பூண்டு வாங்க யோசித்து ரசம் வைத்த நாள்கள் எனக்கு உண்டு.

அந்த வருஷங்களை வீண் என்றே நினைத்திருந்தேன், பாப்பா. கடன் அடைந்ததைத் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை என்று.

இப்போது எனக்குப் படுவது வேறு. போதகர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, நானாக யோசித்ததுதான். ஒன்றும் நடக்காத ரித்மாவிலும் மித்காவிலும் காலையில், கர்த்தர் வானத்திலிருந்து கொடுத்த அப்பமாகிய மன்னா விழுந்திருக்குமே. கொத்தமல்லி விதை அளவு, வெள்ளையாக. வெயில் ஏறினால் உருகிவிடும் என்று பெண்கள் இருட்டோடு எழுந்து குனிந்து பொறுக்கியிருப்பார்கள். தலைக்கு ஒரு ஓமர் என்று அளவு. மறுநாளைக்கு வைத்தால் புழு. யாருக்கோ பிரசவம் ஆகியிருக்கும். கானானுக்குள் போகப் பயந்து ஜனங்கள் காதேசில் அழுதார்களே, அன்றைக்கு இருந்த பெரியவர்களில் யோசுவாவையும் காலேபையும் விட்டால் யார் அந்த வாக்குத்தத்த தேசத்துக்குள் போனார்கள்? அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்களும் வனாந்தரத்தில் பிறந்தவர்களும்தானே? ஒரு வரி மட்டுமே கிடைத்த இந்த இடங்களில்தான் அவர்கள் நடை பழகியிருப்பார்கள். நீ குடம் தூக்கப் பழகினது போல.

ஆராதா என்றால் எபிரெயுவில் நடுக்கமாம். மித்கா என்றால் தித்திப்பு. ஆராதாவிலிருந்து புறப்பட்டவர்கள் மித்காவுக்கு வருவதற்குள் நடுவில் மூன்று இடங்களில் கூடாரம் அடித்துப் பிரித்திருக்கிறார்கள். அந்த மூன்றில் எதிலாவது இப்போது நீ இருக்கிறாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. சரி, அதை விடு.

நேற்று என் வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில் நம் வீடுகளை வரிசையாக எழுதினேன். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. வாடகைச் சண்டையை எழுதவில்லை. பருப்பு வேகாத வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் 'மூன்று குடம்' என்று எழுதினேன். அதற்குக் கீழே உன் இடங்களையும் எழுத வேண்டும். பெங்களூரில் முதலில் இருந்த ஹாஸ்டல் எந்தத் தெரு, புனேயில் அந்த மொட்டைமாடி அறை எந்தப் பக்கம் என்று எனக்கு மறந்துவிட்டது. ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. தாளில் இன்னும் பாதி இடம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா